டாக்டர் இருந்தா மட்டும் போதுமா? கிராமத்துப் பெண்களைக் குழந்தைகளுக்குத் துணையாக்கிய சௌந்தரம் அம்மா

மதுரைக்குத் தென்மேற்கே டி. கல்லுப்பட்டியில் 1940-ல் உருவானது காந்தி நிகேதன் ஆசிரமம். பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தைக் கழித்தது அங்கேதான். மதுரைக்கு வடக்கே சின்னாளபட்டி பக்கம் 1947-ல் வந்தது காந்திகிராமம். கிராமம் தன் காலில் நிற்கணும் என்பதுதான் இரண்டுக்கும் கனவு. காந்திகிராமத்தில் அந்தக் கனவு பெண்களிடமும் குழந்தைகளிடமும் இருந்து தொடங்கியது. காரணம், டாக்டர் டி.எஸ். சௌந்தரம்.

யார் இவர்?

டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். 1904-ல் பிறந்தவர். சிறுவயதிலேயே கல்யாணம். மருத்துவரான கணவர் சீக்கிரமே இறந்துபோனார். அந்தக் காலத்தில் இளம் விதவை என்றால் வீட்டு மூலைதான். ஆனால் சௌந்தரம் டெல்லி போய் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்தார். 1936-ல் டாக்டரானார்.

டெல்லியில் தோழி சுசீலா நய்யார் வழியாகக் காந்தியின் அறிமுகம் கிடைத்தது. ஜி. ராமச்சந்திரனைச் சந்தித்ததும் அந்தக் காலத்தில்தான். அவர் வேறு சாதி, வீட்டில் எதிர்ப்பு. ஒரு வருஷம் பார்க்காமல், பேசாமல் பிரிந்திருங்கள், அப்புறமும் மனசு மாறலேன்னா கட்டிக்கங்க என்று காந்தி நிபந்தனை போட்டார். மனசு மாறவில்லை. 1940-ல் காந்தியின் ஆசியோடு திருமணம் நடந்தது.

கஸ்தூர்பா நிதி எதற்கு?

1944 பிப்ரவரியில் கஸ்தூர்பா சிறைக்காவலில் இறந்தார். அவர் நினைவாக நாடு முழுக்க ஒரு கோடி ரூபாய்க்கு மேல் திரண்டது. இந்தப் பணம் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்தான், வேலையைப் பெண்களே செய்யணும் என்பதில் காந்தி உறுதியாக இருந்தார். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு சௌந்தரத்திடம் வந்தது.

பட்டணத்தில் இருந்து ஒரு டாக்டர் காரில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனால், நாளைக்கு அந்தக் குழந்தையை யார் பார்ப்பது? அதனால் ஊரிலேயே இருக்கிற, அல்லது ஊரிலேயே தங்கப் போகிற ஒரு பெண் வேண்டும். அவர்தான் கிராம சேவிகை. விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள் என்று வீட்டுக்குப் பாரம்னு ஒதுக்கப்பட்ட பெண்களும் இந்தப் பயிற்சிக்கு வந்தார்கள். இளம் விதவையாக இருந்த சௌந்தரத்துக்கு அந்த வலி சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சேவிகை என்ன செய்வார்?

காலையில் அம்மா அப்பா வயல் வேலைக்குப் போனதும் பிள்ளைகளைக் கூட்டிவருவார். முகம் கழுவி, தலை வாரி, நகம் வெட்டி, பாட்டும் விளையாட்டும் சொல்லித்தருவார். இதுதான் பால்வாடி. அப்புறம் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்ப்பார். சாதித் தெரு பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் போகணும். அதுதான் கஷ்டமான வேலை.

சின்னாளபட்டியில் இரண்டே படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை, கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. ஆதரவற்ற குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் காந்திகிராமத்தில் இல்லங்கள் வந்தன. 1956-ல் கிராமிய உயர்கல்வி நிறுவனம் தொடங்கியது. இன்று அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம்.

பதவிக்குப் பிறகு?

சென்னை சட்டமன்றத்தில் இருந்தவர், 1962-ல் திண்டுக்கல் எம்.பி. ஆகி, மத்திய கல்வித் துணை அமைச்சரானார். அதே வருஷம் பத்மபூஷண். 1967 தேர்தலில் தோற்றார். பழைய வேலை காந்திகிராமத்தில் காத்திருந்தது. 1984-ல் காலமானார். 2005-ல் அவருக்கு அஞ்சல்தலை வெளியானது.

இன்றைக்கு ஏன் பேசணும்?

1975-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தது; ஊருக்கு ஊர் அங்கன்வாடி முளைத்தது. அது சௌந்தரம் ஒருவரால் வந்ததில்லை. ஆனால் ஊர்ப் பிள்ளைகளை ஊர்ப் பெண்ணே பார்த்துக்கொள்ளும் முறை நடக்கும் என்பதை முன்பே செய்து காட்டியவர்களில் அவரும் ஒருவர்.

ஒரு கேள்வி மட்டும் இன்னும் முடியவில்லை. மத்திய அரசின் கணக்கில் அங்கன்வாடி ஊழியருக்குக் கிடைப்பது இன்றும் சம்பளம் இல்லை, மதிப்பூதியம்தான். சேவை என்று சொல்லியே உழைப்புக்கான கூலியைக் குறைத்துவிடக் கூடாது. ஒதுக்கப்பட்ட பெண்ணுக்குச் சொந்தக் காலில் நிற்க ஒரு வேலை என்பதும் சௌந்தரம் அம்மா தொடங்கியதில் பாதிதானே?