தாய்நாட்டின் சட்டையை இழந்த கால்பந்து மன்னர்

தீயணைக்கும் படையில் வேலை பார்த்த ஒருவர், கால்பந்து ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்றார். அயல்நாடு சென்று கோல் கோலாக அடித்துக் குவித்தார். ஆனால், அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. தாய்நாட்டுக்காக ஆடும் உரிமையையே அவர் இழக்க நேர்ந்தது!

அவர் பெயர் குன்னர் நோர்டால்.

ஐந்து சகோதரர்கள்

ஐரோப்பாவின் வடக்கே இருக்கிறது ஸ்வீடன் தேசம். அந்தத் தேசத்தின் வட பகுதியில், கடலோரமாக, ஹோர்னபோர்ஸ் என்று ஒரு சிற்றூர். மரக்கூழ் ஆலையை நம்பிப் பிழைத்த ஊர் அது. 1921-ம் வருஷம் அக்டோபர் 19-ந் தேதி நோர்டால் அங்கே பிறந்தார்.

அவருடன் சேர்த்து, அண்ணன் தம்பிகள் ஐந்து பேர் கால்பந்து ஆடினார்கள். ஐந்து பேருமே பிற்காலத்தில் ஸ்வீடனின் முதல்தர லீக் பந்தயத்தில் ஆடினார்கள். அப்படியானால், சிறு வயதில் அந்த வீட்டில் பந்து எப்படி உருண்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

நோர்டால் நல்ல வாட்டசாட்டமான மனிதர். ஏறக்குறைய 90 கிலோ எடை. அவர் ஆடியது முன்வரிசையில். கோல் அடிப்பதுதான் அவர் வேலை. அவர் பந்தோடு ஓடி வந்தால், தடுக்க வந்தவர்கள் மோதிச் சரிவார்கள்.

1944-ம் வருஷம் அவர் நோர்ஷெப்பிங் கோஷ்டியில் சேர்ந்தார். 1945 முதல் 1948 வரை, தொடர்ந்து நான்கு வருஷம் அந்தக் கோஷ்டியே லீக் பட்டத்தை வென்றது.

ஆனால், ஸ்வீடனில் அப்போது ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ள இடம் இல்லை. ஆட்டம் வேறு, பிழைப்பு வேறு. அதனால் நோர்டால் தீயணைக்கும் படையில் வேலை பார்த்தார். ஒரு பக்கம் தீயை அணைத்தார். மறு பக்கம் கோல் அடித்தார்!

வலைக்குள் பாய்ந்தார்

1948-ல் லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. ஸ்வீடன் கோஷ்டியில் நோர்டாலுடன் அவருடைய சகோதரர்கள் பெர்ட்டில், நூட் இருவரும் இருந்தார்கள். தென்கொரியாவை ஸ்வீடன் 12 கோல் அடித்துத் தோற்கடித்தது. அதில் 4 கோல் நோர்டால் அடித்தது.

அரை இறுதி ஆட்டம் டென்மார்க்குடன். அதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஸ்வீடன் ஆட்டக்காரர் கார்ல்சன் தலையால் பந்தை முட்டப் போகிறார். நோர்டாலோ எதிரியின் கோலுக்குப் பக்கத்தில், ஆகாத இடத்தில் நிற்கிறார். அங்கேயே நின்றால் 'ஆப்சைடு' ஆகிவிடும், கோல் செல்லாது. கண் இமைக்கும் நேரத்தில் அவர் கோல் வலைக்குள்ளேயே பாய்ந்துவிட்டார்! கார்ல்சன் முட்டிய பந்து உள்ளே வந்தது. வலைக்குள் நின்ற நோர்டால் அதைக் கையில் பிடித்துக்கொண்டார். கோல் செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

இறுதி ஆட்டத்தில் யுகோஸ்லாவியாவை 3-1 என்று வென்று, ஸ்வீடன் தங்க மெடல் பெற்றது.

இத்தாலி அழைத்தது

இத்தாலியில் நிலைமை வேறு. அங்கே கால்பந்து ஒரு தொழில். திறமைசாலிகளுக்குச் சம்பளம் உண்டு. மிலான் நகரத்துக் கோஷ்டி நோர்டாலை அழைத்தது. 1949 ஜனவரியில் அவர் மிலான் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 27.

தாய்நாட்டுக்காக அதுவரை 33 ஆட்டங்களில் 43 கோல் அடித்திருந்தார். அந்தக் கணக்கு அத்தோடு நின்றது. பணத்துக்கு ஆடுகிறவர்களுக்குத் தேசிய கோஷ்டியில் இடம் இல்லை என்பது அந்தக் கால ஸ்வீடனின் விதி. குற்றம் எதுவும் செய்யாமலே, அவருக்குக் கதவு அடைபட்டது.

இத்தாலியிலோ அவருக்கு ராஜ மரியாதை! தீயணைக்கும் வீரர் என்றே இத்தாலி ரசிகர்கள் அவருக்குப் பட்டப் பெயர் வைத்தார்கள். ஸ்வீடனிலிருந்து கிரென், லீட்ஹோல்ம் என்ற இரண்டு ஆட்டக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். மூவர் பெயரின் முதல் எழுத்துக்களையும் சேர்த்து, 'கிரெ-நோ-லி' என்று அழைத்தார்கள்.

1950 பிப்ரவரியில், டூரின் நகரத்தின் பலம் வாய்ந்த யூவெண்டஸ் கோஷ்டியை, அதன் சொந்த ஊரிலேயே மிலான் 7-1 என்று முறியடித்தது. நோர்டால் 3 கோல் அடித்தார். அந்தப் பருவத்தில் மட்டும் லீக் பந்தயத்தில் அவர் அடித்தது 35 கோல். இத்தாலி லீக்கில் அதைத் தாண்ட 66 வருஷம் ஆயிற்று. 2016-ல் ஹிகுவாயின் என்பவர் 36 கோல் அடித்தார்.

1951-ல் மிலான் இத்தாலியின் சாம்பியன் ஆயிற்று. 44 வருஷத்துக்குப் பின் கிடைத்த பட்டம் அது! 1955-ல் மறுபடியும் வென்றது. லீக்கில் மிக அதிக கோல் அடித்தவர் என்ற பெருமை ஐந்து தடவை நோர்டாலுக்குக் கிடைத்தது.

உலகக் கோப்பையில் இடம் இல்லை

1950-ல் பிரேசிலில் உலகக் கோப்பைப் பந்தயம். ஸ்வீடன் கோஷ்டி புறப்பட்டபோது, நோர்டால், கிரென், லீட்ஹோல்ம் மூவரும் அதில் இல்லை. ஸ்வீடன் இத்தாலியை 3-2 என்று வென்றது. பிரேசிலிடம் 7-1 என்று தோற்றது. முடிவில் மூன்றாவது இடம் பெற்றது. நோர்டாலும் ஆடியிருந்தால்? யாரால் சொல்ல முடியும்!

1958-ல் உலகக் கோப்பைப் பந்தயம் ஸ்வீடனிலேயே நடந்தது. அப்போதுதான் விதி தளர்ந்தது. கிரெனும் லீட்ஹோல்மும் தாய்நாட்டுக்காக ஆடினார்கள். இறுதி ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக முதல் கோலை அடித்தவரே லீட்ஹோல்ம்தான். ஆனால் நோர்டாலுக்கு வயது 36 ஆகிவிட்டது. மிலானை விட்டு ரோமாபுரிக் கோஷ்டிக்கு மாறி, ஆட்ட வாழ்க்கையின் கடைசிப் படியில் இருந்தார். தேசிய கோஷ்டியில் அவர் பெயர் இல்லை. உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே அவர் ஓய்வு பெற்றார்.

பிறகு ஸ்வீடன் திரும்பி, பயிற்சியாளராக இருந்தார். 1970-ல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்துக்குச் சென்ற ஸ்வீடன் கோஷ்டியில் ஒரு நோர்டால் இருந்தார். அவர் குன்னரின் மகன் தாமஸ்! தகப்பனாருக்கு அடைபட்ட கதவு மகனுக்குத் திறந்தது.

1995 செப்டம்பர் 15-ந் தேதி, தமது 73-வது வயதில் நோர்டால் காலமானார். அவர் கண் மூடிய இடமும் இத்தாலிதான். சார்டினியா தீவில் உள்ள அல்கேரோ நகரம்.

இத்தாலி லீக்கில் அவர் அடித்த கோல்கள் மொத்தம் 225. அதைவிட அதிகம் அடித்தவர்கள் பியோலா, டொட்டி என்ற இரண்டே பேர். இருவரும் இத்தாலியர்கள். பிழைப்பைத் தேடி வந்த அயலாரில் அவரை மிஞ்சியவர் இன்றுவரை எவரும் இல்லை.

விதியைச் செய்தவர்கள் கடைசியில் மனம் மாறினார்கள். ஆனால், ஓர் ஆட்டக்காரரின் இளமை அதுவரை காத்திருக்குமா?