இறுதிப் பயணம்

1968ஆம் ஆண்டை எண்ணுந்தோறும் நம் நெஞ்சில் முதலில் நிற்பவர் மார்ட்டின் லூதர் கிங். 1929இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள்கள் நீடித்த மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்புக்குத் தலைமை தாங்கினார். 1959இல் இந்தியா வந்து காந்தியடிகளின் அறவழியை மேலும் உணர்ந்து சென்றார். 1964இல் அமைதிக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இத்தகு புகழாளர் தம் இறுதி நாள்களை யாருக்கு ஈந்தார் என்பதே நாம் எண்ணத்தக்கது. 1968 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர் இருவர் குப்பை வண்டியின் பொறியில் நசுங்கி மாண்டனர். ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வோடு மனிதருக்குரிய மதிப்பையும் அவர்கள் கோரினர்.

மார்ச் 28இல் கிங் முன்னின்ற ஊர்வலம் கலவரமாயிற்று. ஓர் இளைஞர் உயிரிழந்தார். பழிச்சொற்கள் சூழ்ந்தன. ஆயினும் அமைதியான ஊர்வலத்தை நடத்திக் காட்ட உறுதிபூண்டு மீண்டும் மெம்பிஸ் சென்றார். ஏப்ரல் 4 மாலை, தங்கியிருந்த விடுதியின் மாடி முகப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு அகவை 39.

நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் கலவரம் மூண்டது. மெம்பிஸிலோ ஏப்ரல் 8இல் அவர்தம் துணைவியார் கொரெட்டா முன்செல்ல, பல்லாயிரவர் அமைதியாக நடந்தனர். ஏப்ரல் 16இல் நகராட்சி தொழிலாளர் சங்கத்தை ஏற்றது, கூலியும் உயர்ந்தது.

அவ்வெற்றியைக் காண அவர் இல்லை. எளியோர் பக்கம் நிற்பதே கல்வியின் பயன் என்பதை அப்பெருமகனின் இறுதிப் பயணத்தில் நாம் கற்கிறோம்.