கதிர்வீச்சுக்குள் நுழையும் நிபுணர் படை... அதுக்கு விதை போட்ட ஹோமி பாபா!

காஞ்சிபுரத்துக்காரரா நீங்க? பட்டும் கோயிலும் நாங்க சொல்லியா உங்களுக்குத் தெரியணும்! ஆனா, பக்கத்துல அரக்கோணத்துல இருக்கிற தேசியப் பேரிடர் மீட்புப் படை, வெள்ளத்தோட சேர்த்து கதிர்வீச்சு விபத்துக்கும் பயிற்சி எடுத்த படைன்னு தெரியுமா? 2019 வரை உங்க மாவட்டத்துலயே இருந்த கல்பாக்கத்துல இதுக்குன்னே நிபுணர் குழு இருக்கு. இந்த ஏற்பாடெல்லாம் எங்கே ஆரம்பிச்சதுன்னு தேடிப்போனா, மும்பையில பிறந்த ஹோமி பாபாகிட்ட போய் நிக்கும்.

1909 அக்டோபர் 30-ல் பார்சி குடும்பத்துல பிறந்தவர். பையன் இன்ஜினீயரிங் படிச்சு டாடா இரும்பு ஆலையில சேரணும்கிறது வீட்டோட கனவு. (எங்கேயோ கேட்ட கதையா இருக்குல்ல?) கேம்பிரிட்ஜ்ல அப்பாவுக்காக இன்ஜினீயரிங் முடிச்சார், அப்புறம் தனக்காக இயற்பியல். 1939-ல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவரை உலகப்போர் திரும்பிப் போக விடலை. பெங்களூருல சி.வி.ராமன் இருந்த இந்திய அறிவியல் நிறுவனத்துலயே சேர்ந்துட்டார். 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், 1948-ல் அணுசக்தி ஆணையத் தலைவர் பதவி, 1954-ல் டிராம்பே ஆய்வு மையம்னு வேகமா போச்சு வாழ்க்கை. நடுவுல படமும் வரைஞ்சார்.

1956 ஆகஸ்ட் 4-ல் டிராம்பேயில 'அப்சரா' உலை இயங்க ஆரம்பிச்சது. சிக்கலும் கூடவே வந்தது. கதிர்வீச்சுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. உடம்புல பட்டாலும் உடனே தெரியாது. அதனால, அதை அளக்கிறதுக்குன்னே தனியா ஆள் வேணும். உங்க ஊர்ல கோர்வைச் சேலை நெய்ய, நெசவாளர் கூடவே துணைக்கு இன்னொருத்தர் உட்காருவாரே, அது மாதிரிதான். டிராம்பேயில ஏ.கே.கங்குலி தலைமையில அப்படியொரு பிரிவு வளர்ந்தது. 1960-ல் பாபா எழுத்துலயே உத்தரவு போட்டார். கதிரியக்கப் பொருளால ஊழியருக்கோ வெளியாளுக்கோ எந்தத் தீங்கும் வரக்கூடாது. அதோட, நாட்டுல மத்தவங்க நம்மளைப் பார்த்துக் கத்துக்கிற மாதிரி கையாளணும்.

ஒரு குறையும் சொல்லணும். உலையை நடத்துறவங்களும் அதைக் கண்காணிக்கிறவங்களும் அன்னிக்கு ஒரே கூரைக்குக் கீழேதான் இருந்தாங்க. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்னு தனியா ஒண்ணு வந்ததே 1983-லதான்.

அதைப் பார்க்க பாபா இல்லை. 1966 ஜனவரி 24-ல் அவர் போன ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையின் மோன்ட் பிளாங்க்ல மோதியது. வயசு 56. அடுத்த வருஷம் டிராம்பே மையத்துக்கு அவர் பேரையே வெச்சாங்க.

அந்த மையத்து நிபுணர்களுக்கு 2010 ஏப்ரல்ல டெல்லி மாயாபுரியில வேலை வந்தது. பழைய இரும்புச் சந்தைக்கு ஏலத்துல வந்த ஒரு கருவிக்குள்ள கோபால்ட்-60 இருந்தது. தெரியாம உடைச்சவங்களுக்குத் தோல் கறுத்தது, முடி கொட்டியது. ஒருத்தர் இறந்தே போயிட்டார். நிபுணர்கள் முதல்ல தூரத்துல நின்னு அளந்தாங்க. எல்லை போட்டு ஆட்களை விலக்கினாங்க. அப்புறம் குறைஞ்ச நேரத்துல துண்டுகளை எடுத்து, ஈயக் கவசத்துக்குள்ள அடைச்சாங்க. தூரம், நேரம், கவசம்... இவ்வளவுதான் அவங்க பாடமே.

பழைய இரும்புக் கடையிலோ ரோட்டோரத்திலோ மஞ்சள் பின்னணியில மூணு இதழ் விசிறி மாதிரி குறி போட்ட பொருளைப் பார்த்தா, செல்ஃபி எடுக்கக் கிட்டப் போகாதீங்க. விலகி வந்து 112-க்குப் போன் பண்ணுங்க.