நக்ஷத்திரங்களை அளந்த வைணு பாப்பு

பஞ்சாங்கத்தில் திருவாதிரை, கேட்டை என்று படிக்கிறோம். வானத்தில் அவை இரண்டுமே சூரியனைவிடப் பல நூறு மடங்கு விட்டமுள்ள சிவப்பு ராட்சத நக்ஷத்திரங்கள். உஷ்ணத்தில் மட்டும் சூரியனுக்குக் குறைந்தவை. அதனால் அவற்றின் மேற்புற வாயுவில் டைட்டானியம் ஆக்ஸைடு போன்ற மூலக்கூறுகள் சிதையாமல் தங்குகின்றன. நிறமாலையில் பட்டை பட்டையாகக் கருமை தெரிவது அவற்றால்தான். இப்படிப்பட்ட குளிர்ந்த நக்ஷத்திரங்களின் வாயு மண்டலத்தைக் கொண்டே அவற்றின் உண்மையான பிரகாசத்தை அளக்க வழி கண்டவர்களில் ஒருவர் நம் நாட்டவர், டாக்டர் வைணு பாப்பு. நம் பிள்ளைகளில் பலருக்கு அவர் பெயரே தெரியவில்லை என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1927ல் சென்னையில் பிறந்தவர். தந்தை ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். பாப்பு 1949ல் ஹார்வர்டு சென்ற சில மாதங்களிலேயே ஒரு புதிய வால்நக்ஷத்திரத்தைக் கண்டுபிடித்தார். பிறகு கலிபோர்னியாவில் ஆலின் வில்சனுடன் ஆராய்ந்தார். குளிர்ந்த நக்ஷத்திரங்களின் நிறமாலையில் கால்சியத்தின் 'கே' கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று உண்டு. நக்ஷத்திரம் எவ்வளவு பிரகாசமானதோ, அவ்வளவு அகலம் அந்தக் கீற்றுக்கு! பிரகாசம் தெரிந்தால் தூரமும் தெரிந்துவிடும். 1957ல் வெளியான இதற்கு வில்சன்–பாப்பு விளைவு என்றே பெயர்.

உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகள் இருந்த இடத்தை விட்டு, அதற்கு முன்பே அவர் தாயகம் திரும்பிவிட்டார். இங்கே அப்படி ஒன்றுமில்லை. நைனிதாலில் வானாய்வகம் அமைக்க உழைத்தார். 1960ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்து, 1968ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியும் 1972ல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் நிறுவினார். 1979ல் சர்வதேச வானியல் சங்கத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே.

அவருடைய பெரிய கனவு, இந்தியாவிலேயே உருவாகும் 2.34 மீட்டர் தொலைநோக்கி. அது தயாராகும் முன்பே, 1982 ஆகஸ்டில் மூனிச் நகரில், 55 வயதில் காலமானார். 1986ல் அத்தொலைநோக்கிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. தான் பார்க்கப்போவதில்லை என்று தெரியாமலே ஒருவர் பிறர் பார்ப்பதற்காக உழைத்திருக்கிறார். மரம் வைத்துவிட்டுப் போன பெரியவர்களைத்தான் எனக்கு நினைவுபடுத்துகிறது இது.

வாணியம்பாடி வழியாகப் பிரயாணம் செய்யும் அன்பர்கள், அனுமதி நேரத்தை விசாரித்துக்கொண்டு, குழந்தைகளுடன் ஒருமுறை காவலூர் சென்று வாருங்கள்.