ஒளியை அளந்த ஆல்பேட் மைக்கல்சன்

ஒளி ஒரு செக்கனில் 299,792.458 கிலோமீற்றர் செல்லும் என்று நாம் இன்று பாடநூலிற் படிக்கின்றோம். இவ்வெண்ணைத் தேடித் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஆல்பேட் ஏபிரகாம் மைக்கல்சன்.

இவர் 1852 ஆம் ஆண்டு டிசெம்பர் 19 ஆம் நாள், இன்றைய போலந்து நாட்டிலுள்ள ஒரு சிற்றூரிற் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் அமெரிக்காவிற் குடியேறி, சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த ஊர்களில் வளர்ந்தார். புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை என்பதனால் இவர்பால் நமக்குத் தனிப் பரிவு உண்டு! அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியிற் பயின்று, பின்னர் அங்கேயே பௌதிகம் கற்பித்தார்.

1879 இல், மாமனார் அளித்த 2,000 டொலரைக் கொண்டு கருவிகளை அமைத்தார். செக்கனுக்கு ஏறத்தாழ 257 முறை சுழலும் ஆடியிற் பட்ட ஒளி, 600 மீற்றருக்கு அப்பாலுள்ள மற்றோர் ஆடிக்குச் சென்று திரும்புவதற்குள், முதலாடி சற்றே திரும்பிவிடும். அதனால் ஒளி விலகித் தெரியும். அவ்விலகலிலிருந்து வேகத்தைக் கணித்தார். வெயிலின் வெம்மையால் ஒளியுரு நடுங்குமாதலின், காலையிலும் மாலையிலுமே அளந்தார்.

நூறு அளவீடுகள் கிடைத்தன. அவற்றுள் மிகக் குறைந்தது 299,620. மிகக் கூடியது 300,070. சராசரி கண்டு, காற்றின் தடைக்கும் திருத்தம் செய்து, ஏறத்தாழ 299,940 என்றும், பிழை 50 அளவே இருக்கலாம் என்றும் அறிவித்தார். உண்மையில் அது 150 அளவு கூடியிருந்தது. கைபோன போக்கில் நேரும் பிழைகள் சராசரியில் ஒன்றையொன்று ஈடுசெய்யும். கருவியிலோ முறையிலோ ஒளிந்திருக்கும் பிழை அவ்வாறு மறையாது. ஐந்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரத்தை நூறுமுறை பார்த்தாலும் சரியான நேரம் தெரியுமா?

1907 இல் நோபல் பரிசு பெற்ற பின்னரும் மைக்கல்சன் ஓயவில்லை. கலிபோர்னியாவில் 35 கிலோமீற்றர் இடைவெளியுள்ள இரு மலைகளுக்கிடையே ஒளியை அனுப்பி, 1926 இல் 299,796 எனக் கண்டார். இம்முறை நான்கு கிலோமீற்றருக்குட்பட்ட வேறுபாடே இருந்தது.

அதுவும் அவருக்குப் போதவில்லை. காற்று நீக்கிய ஒரு மைல் நீளக் குழாயில் மீண்டும் அளக்கத் தொடங்கி, பணி முடியுமுன்னர் 1931 மே 9 அன்று காலமானார். துணைவர்கள் 2,800 இற்கு மேற்பட்ட அளவீடுகளுடன் அதை நிறைவு செய்தனர். 1935 இல் வெளிவந்த விடை 299,774; பதினெட்டுக் குறைவு! ஒளியின் வேகமே குறைந்து வருகிறதோ என்றுகூடச் சிலர் அந்நாளில் ஐயுற்றனர்.

1879 ஆம் ஆண்டின் அந்த நூறு எண்களையும் புள்ளிவிபரவியல் மாணவர்கள் இன்றும் பயிற்சிக்காக எடுத்து ஆராய்கின்றனர்.