சுக்கானி ராபர்ட் ஸ்மால்ஸ்

கடல் வழி வந்து கடை வைத்தவர்களின் வாரிசுகள் நாம். ஆகவே ஒரு சுக்கானியின் சரிதையை இங்கு நினைவு கூர்கிறோம்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் பூஃபோர்ட் என்னும் ஊரில் 1839-ஆம் ஆண்டு அடிமையாகப் பிறந்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ். மணமுடித்தபின் மனைவி ஹன்னாவையும் மகளையும் மீட்க 800 டாலர் விலை பேசினார். கூலியில் மிச்சம் பிடித்தும் தொகை சேரவில்லை.

உள்நாட்டுப் போரில் தென்னவரின் 'பிளான்டர்' கப்பலில் சுக்கான் பிடித்தார். 1862 மே 13 விடியுமுன், வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கியிருக்க, சார்ல்ஸ்டன் துறையில் கப்பலை எடுத்தார். வழியில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டார். காப்டனின் தொப்பியை அணிந்து, முறைப்படி ஊதல் கொடுத்துக் கோட்டைகளைக் கடந்து, வடவர் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். பிடிபட்டிருந்தால் மரணமே!

பின்னர் அதே கப்பலுக்குக் காப்டனானார். பழைய எஜமானரின் வீட்டை வாங்கித் தாயாரையும் குடும்பத்தையும் குடியமர்த்தினார். அமெரிக்கக் காங்கிரஸிலும் அங்கத்தினராக அமர்ந்தார். 1915 பெப்ரவரி 23-இல், 75-ஆம் வயதில், அவ்வீட்டிலேயே காலமானார்.

குடும்பத்தை ஊரில் விட்டுக் கடல் கடந்தவர்கள் நம் முன்னோரிற் பலர். ஸ்மால்ஸோ மனைவி மக்கள் ஏறிய பிறகே கடலை நோக்கினார். கடைக் கணக்கில் மூழ்கியிருக்கும் நாம் இதைச் சற்றுச் சிந்திப்போமாக.