ரேடியோ ரிப்பேர்காரர் இசை மன்னர் ஆனார்

வெஸ்ட் இண்டீஸ் தீவுகளில் ஒன்று ஜமைக்கா. அதன் தலைநகர் கிங்ஸ்டன். சபினா பார்க் மைதானத்தால் கிரிக்கெட் ரசிகர்களுக்கு நன்கு தெரிந்த ஊர். அங்கே 1941-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி பிறந்தவர் ஆஸ்பர்ன் ருடாக். "கிங் டப்பி" என்றால்தான் உலகத்துக்குத் தெரியும்.

அவர் பாடகர் அல்ல. வாத்தியக்காரரும் அல்ல. ரேடியோ ரிப்பேர்காரர்!

தெருவே அரங்கம்

கிங்ஸ்டன் ஏழை மக்கள் திறந்த வெளியில் ஒலிபெருக்கிகளை அடுக்கி, இசைத்தட்டு போட்டு, விடிய விடிய ஆடுவார்கள். அந்தக் கருவிகள் பழுதானால் டப்பியைத் தேடி வருவார்கள். ஆம்ப்ளிபயரைத் தன் கையாலேயே செய்யும் அளவுக்கு அவர் தேறினார். பிறகு சொந்தமாகவே ஒரு ஒலிபெருக்கி செட் அமைத்தார். அதில் தட்டு சுழலும்போது மைக் பிடித்துப் பேசியே புகழ் பெற்றவர் யூ-ராய்.

குரல் போனது, பாட்டு பிறந்தது

டியூக் ரீட் என்ற தயாரிப்பாளரிடம் இசைத்தட்டு வெட்டும் வேலையும் டப்பி பார்த்தார். ஒரு பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்டால் தாளம் தனியாக நிற்கும். நடுவே ஒரு சொல்லை மட்டும் விட்டு, அது எதிரொலித்துத் தேயும்படி செய்தார். "டப்" இசை இப்படி வளர்ந்தது.

வாட்டர்ஹவுஸ் பகுதியில் இருந்த வீட்டு அறையே அவரது ஸ்டுடியோ. பெரிய ஸ்டுடியோ ஒன்றில் பயன்பட்ட பழைய இயந்திரத்தை வாங்கித் தன் தேவைக்கு மாற்றிக்கொண்டார். பாடகர்கள் பாடியது குளியல் அறையில்! வாத்தியக் குழுவுக்கு அங்கே இடம் இல்லை. வெளியே பதிவான நாடாக்களைத் தயாரிப்பாளர்கள் இவரிடம் கொண்டு வந்தார்கள்.

நீண்ட தட்டு

சிறிய 7 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் டப். 1970-களின் பிற்பகுதியில் 12 அங்குலத் தட்டு வந்தது. பாட்டு முடிந்ததும் அதே பக்கத்தில் டப் தொடரும். தட்டைத் திருப்ப வேண்டாம், ஆட்டமும் நிற்காது. கோடுகளுக்கு இடையே இடம் அதிகம் என்பதால் கனமான தாள ஒலியும் நன்றாகக் கேட்கும்.

சீடர் முந்தினார்

டப்பியிடம் தொழில் கற்றவர் லாயிட் ஜேம்ஸ் என்ற ஜாமி. 1985-ல் அவர் வெளியிட்ட "அண்டர் மீ ஸ்லெங் டெங்" பாட்டு ஜமைக்காவையே புரட்டிப் போட்டது. பாடியவர் வெய்ன் ஸ்மித். தாளம் தந்தது கேசியோ கம்பெனியின் சிறிய மின்னணு கீபோர்டு! டிரம் அடிப்பவர், கிதார் வாசிப்பவர் பலருக்கு வேலை குறைந்தது. சீடருக்கும் "கிங்" பட்டம் கிடைத்தது.

குருநாதர் ஒதுங்கவில்லை. 44 வயதில் புதிய கருவிகளைக் கையாளத் தொடங்கினார். அதே 1985-ல் ஆண்டனி ரெட் ரோஸ் பாடிய "டெம்போ"வை வெளியிட்டார். அதுவும் மின்னணுத் தாளம்தான். பாட்டு அமோக வெற்றி பெற்றது.

துயர முடிவு

1989-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி. ஸ்டுடியோ வேலை முடிந்து திரும்பிய டப்பியை, அவருடைய வீட்டு வாசலிலேயே யாரோ சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 48. கொலையாளி பிடிபடவே இல்லை.

பழைய பாட்டைப் பிரித்துப் புதிதாகக் கோர்க்கும் வழக்கம் இன்று உலகம் முழுவதும் இருக்கிறது. அதற்கு வழி காட்டியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர், சால்டரிங் கம்பி பிடித்த அந்த ரிப்பேர்காரர்.